மேட்டுக்குத் தேதி மாற்றிய நாள்

“…அதெல்லாம் சரிங்க. எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியாது, திரும்ப வருமான்னு தெரியாது, வராமப் போனா என்ன பண்றதுன்னும் தெரியாது. ஒத்துக்கறேன். நமக்கு ஒண்ணுமே தெரியாம இருக்கப்போற அந்த நேரத்துல கீழே நிக்கறது யாருங்க?”

கோகிலவாணி மேடம் இப்படிக் கேட்டபோது நாங்கள் சுரங்கத்தின் நிலத்தடி நீர்க் கன்ட்ரோல் ரூமில் இருந்தோம். எதிரே மேசை மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதன் தேதியை மாற்றியாக வேண்டும். மாற்றினால் அது நின்றுபோகலாம். நின்றுபோனால், சுரங்கத் தரைக்கு அடியில் தண்ணீர் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று மேலே இருக்கிற எங்களுக்குத் தெரியாது. விஷயம் இவ்வளவுதான். ஏ.சி. மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

இதை இப்போது எழுத வைத்தது பிரவீன். ஐ.டி. பிரிவுப் பையன். பையன் என்கிறேன், அவருக்கே பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள். போன மாதம் போன் செய்தார். “அந்தோணி அண்ணே, அன்னிக்குப் புதுசுன்னு கொண்டாந்து வச்சோமே, இப்ப அதுக்கும் சப்போர்ட் முடிஞ்சுபோச்சு. புதுசா சேர்ந்த பசங்க உங்க கதையக் கேக்குறாங்க, நான் சொன்னா சரியா வரலை. எழுதிக் குடுங்களேன்.” புதுசு என்பது இத்தனை சீக்கிரம் பழசாகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சரி, எழுதுகிறேன்.

நான் குள்ளஞ்சாவடிக்காரன். ஐ.டி.ஐ. முடித்தேன். கான்ட்ராக்ட், பெர்மனன்ட், குவார்ட்டர்ஸ். இந்த மூன்று சொல்லில் என் இளமை முடிந்துவிடும். கம்ப்யூட்டரை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் நின்று பார்த்ததுதான். பார்க்கிறவனைப் ‘போய்யா’ என்று யாரும் விரட்டாத இடம் அது.

புதியவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்களுடையது திறந்தவெளிச் சுரங்கம், வெட்டுவது பழுப்பு நிலக்கரி. அந்தக் கரிக்கு அடியில் மணல். அந்த மணலுக்குள் தண்ணீர். சும்மா கிடக்கிற தண்ணீர் இல்லை, மேலே வரப் பார்க்கிற தண்ணீர். மூடி போட்ட பானையில் கொதிக்கிற கஞ்சி மாதிரி அடியிலிருந்து முட்டிக்கொண்டே இருக்கும். சுரங்கத்தை ஆழமாக வெட்ட வெட்ட மூடி மெலிகிறது. அதனால் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறு போட்டு, இரவு பகலாக இறைத்து, அந்த அழுத்தத்தை ஓர் அளவுக்குக் கீழேயே வைத்திருக்க வேண்டும். அளவைத் தாண்டினால் தரை உப்பும். உப்பிய தரை பிளந்தால் அங்கே நிற்கிறவர்களுக்கு ஓடக்கூட நேரமிருக்காது.

எனக்கு முன்பு அந்த அறையில் இருந்த தட்சிணாமூர்த்தி அண்ணன் சொல்வார்: “தண்ணிக்கு ஷிப்டும் கிடையாது, வீக்லி ஆஃபும் கிடையாது.” கீழே பெரிய சக்கரம் வைத்த வெட்டு மிஷினை ஓட்டும் ஏழுமலை பண்ருட்டிப் பக்கத்து ஆள். அவன் கணக்கு வேறு: “மேல இருக்கறவனுக்குத் தண்ணி இல்லன்னா கவல. எங்களுக்கு இருந்தா கவல.” இரண்டையும் நான் பொன்மொழியாகவே வைத்திருக்கிறேன்.

ஆரம்ப காலத்தில் தண்ணீர் மட்டத்தை டேப் போட்டுத்தான் பார்த்தோம். சுற்றிலும் அளவு பார்ப்பதற்கென்றே மெல்லிய கிணறுகள் உண்டு. ஜீப்பில் போய்க் குழாய் மூடியைத் திறந்து டேப்பை இறக்குவோம். நுனி தண்ணீரைத் தொட்டதும் கையில் இருக்கும் பெட்டி கீ என்று கத்தும். கத்தியதும் எழுதிவிடக் கூடாது. குழாயின் உள்சுவர் ஈரமாக இருந்தாலும் கத்தும். கொஞ்சம் மேலே தூக்கி, டேப்பை ஒரு உதறு உதறி, மறுபடி இறக்கி, இரண்டாவது தடவை கத்தும் இடத்தில் கட்டைவிரலை வைத்துப் படிக்க வேண்டும். முதல் சத்தத்தை நம்பாதே என்பது வேலையில் நான் கற்ற முதல் பாடம். மனிதர்கள் விஷயத்திலும் அது உதவியிருக்கிறது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கிணறுகளுக்குள் கருவி இறக்கி, ரேடியோ வழியாக அளவு அறைக்கே வந்து சேரும்படி செய்தார்கள். திரையில் ஒவ்வொரு பம்புக்கும் ஒரு விளக்கு. ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு, தகவல் வரவில்லையென்றால் சாம்பல். பிரோகிராமை வெளியூர்க் கம்பெனி ஒன்று எங்களுக்காகவே எழுதிக் கொடுத்தது. சிறிய கம்பெனி, சில வருடத்தில் மூடிவிட்டார்கள்.

அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்ததும் பச்சைப் புல்மேடும் நீல வானமும் தெரியும். அந்தக் காலத்தில் எல்லா ஆபீசிலும் அதே படம்தான். எங்களைச் சுற்றி இருந்ததெல்லாம் பள்ளமும் தோண்டிக் கொட்டிய மண்ணும்தான் என்பதாலோ என்னவோ, அந்த மேடு எங்களுக்குப் பிடித்துப்போனது. கம்ப்யூட்டருக்கே ‘மேடு’ என்று பெயர் வந்துவிட்டது. “மேட்டுல பாருப்பா, ஏழாம் பம்பு என்ன சொல்லுது?” என்றுதான் பேசுவோம்.

மேட்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. அதற்கு வயது ஏறவில்லை. வருடா வருடம் போகி அன்று அதன் தேதியை ஒரு வருடம் பின்னால் தள்ளிவிடுவோம். வெளியே எந்த வருடம் நடந்தாலும் உள்ளே எப்போதும் அதே வருடம். காரணம் எல்லோருக்கும் தெரியும்: பிரோகிராமுக்குள் அந்தக் கம்பெனிக்காரர்கள் பூட்டு ஒன்று வைத்திருக்கிறார்கள், பொங்கலைத் தாண்டினால் அது பூட்டிக்கொள்ளும், பூட்டிய பிறகு தேதியைப் பின்னால் தள்ளினாலும் திறக்காது, சாவி கொடுக்கக் கம்பெனியும் இல்லை. எல்லோருக்கும் தெரியும் என்றேனே, யாருக்கு யார் சொன்னது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

போகி எங்கள் வீட்டில் கிடையாது. நாங்கள் மாதாகோயில் போகிறவர்கள். ஆனால் கன்ட்ரோல் ரூம் போகி என்னுடையது. பொங்கலுக்கு மற்றவர்களெல்லாம் மதுரைக்கும் நெல்லைக்கும் ஈரோட்டுக்கும் பஸ் ஏறிவிடுவார்கள், நான் உட்காருவேன். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் எனக்காக உட்காருவார்கள். யாரும் பேசி வைத்ததில்லை, அப்படியே நடந்தது. ஆக, ஊரே பழையதைத் தூக்கி எறிகிற காலையில் நான் ஒருத்தன் பழைய வருடத்தைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் கிராஃப் தெரிகிற ஜன்னலை மூட வேண்டும். பிறகு மூலையில் இருக்கிற கடிகாரத்தைத் திறந்து வருடத்தை மட்டும் ஒன்று குறைக்க வேண்டும். மாதத்தின் மேல் மவுஸ் போகவே கூடாது. ஓ.கே.யை மவுஸால்தான் அமுக்க வேண்டும், என்டர் தட்டக் கூடாது. ஏன் என்று கேட்டால் ‘அப்படித்தான்’. அமுக்கியதும் எல்லா விளக்கும் சாம்பலாகும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகப் பச்சைக்குத் திரும்பும். கடைசி விளக்கு பச்சையாகும் வரை அறைக்குள் யாரும் டீ குடிக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி எப்படி வந்தது என்று மட்டும் எனக்குத் தெரியும். கீபோர்டில் டீயைக் கொட்டிய மனிதர் நல்லவர், பெயரைச் சொல்ல மாட்டேன்.

கிழமையும் பொருந்தாது. “மேட்டுல இன்னிக்கு ஞாயித்துக்கெழம, நான் வூட்டுக்குப் போறேன்” என்பது அறையின் நிரந்தர ஜோக். அச்சாகி வருகிற அறிக்கையில் வருடத்தைப் பேனாவால் அடித்துத் திருத்தி மேலே அனுப்புவோம். மேலே யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

மேட்டுக்கு சப்போர்ட் முடிந்துவிட்டது என்று முதல் தடவை கேள்விப்பட்டபோது சிரித்தோம். ‘சப்போர்ட்டா, அது எப்போ இருந்தது?’ என்றுதான் தோன்றியது. எனக்கு மட்டும் அந்தச் சொல் குடைந்துகொண்டே இருந்தது. ஐ.டி.க்குப் புதிதாக வந்திருந்த பிரவீனைப் பிடித்துக் கேட்டேன்.

“செஞ்ச கம்பெனி இனிமே ஓட்டையை அடைச்சுத் தர மாட்டாங்கண்ணே.”

“சப்போர்ட் முடிஞ்சா புதுசா ஓட்டை விழுமா?”

“இல்லண்ணே. ஓட்டை மொதல்லேருந்து இருக்கறதுதான். கண்டுபிடிக்கிறவன்தான் புதுசு புதுசா வர்றான்.”

வீட்டில் மனைவி ரோஸியிடம் சொன்னேன். “நம்ம சொந்தக்காரங்க மாதிரின்னு சொல்லுங்க” என்றாள். ஆனால் அவளும் மாற்றச் சொல்லவில்லை. “நல்லா எரியிற அடுப்பை எதுக்கு ஊதணும்?” எங்கள் அறையில் எல்லோருடைய கட்சியும் அதுதான். பென்டிரைவ் போடும் துளைகளைப் பசை வைத்து அடைத்தோம், மேடு பாட்டுக்கு ஓடியது. வருடங்கள் போயின; அதாவது வெளியே போயின.

அப்புறம்தான் கோகிலவாணி மேடம் எங்களுக்கு அதிகாரியாக வந்தார். கோபிசெட்டிப்பாளையம் பக்கம். அவரிடம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதை ஏறும். ‘சொல்லுங்க’ என்றால் சாதாரணம். ‘சொல்லுங்கங்க’ என்றால் பேச்சை யோசித்துப் பேச வேண்டும். வந்ததும் எதையும் மாற்றவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, திரைப் பக்கம் திரும்பாமல் எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டார். இது ஏன் இப்படி, அது ஏன் அப்படி. ‘தெரியாது மேடம்’ என்றால் தலையாட்டி அடுத்ததற்குப் போய்விடுவார். ‘அப்படித்தான் மேடம்’ என்றால் விடமாட்டார்.

“தெரியாதுங்கறது ஒரு பதிலுங்க. அதுக்கு மேல ஏதாச்சும் பண்ணலாம். ‘அப்படித்தான்’ங்கறது கதவைச் சாத்தறதுங்க.”

ஓ.கே.யை ஏன் மவுஸால் அமுக்க வேண்டும் என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறந்து, மூடி, ‘தெரியாது மேடம்’ என்றேன். “பரவாயில்லீங்க” என்றார். எனக்கு ஏனோ பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது.

அந்த வருடம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: சப்போர்ட் முடிந்த கம்ப்யூட்டர் எதுவும் மாதக் கடைசிக்கு மேல் சுரங்கத்தின் நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது. வேறெங்கோ ஒரு தொழிற்சாலையில் யாரோ ஓட்டை வழியாக உள்ளே நுழைந்துவிட்டார்களாம். புதுக் கம்ப்யூட்டரும் வந்து மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ரிலீவர் வந்து உட்காரும் வரை ஷிப்ட் முடிந்தவர் நாற்காலியை விட்டு எழக் கூடாது. மேடம் அதையே இயந்திரத்துக்கும் சொன்னார். கிணறுகளின் அளவை வாங்கித் தருகிற ரேடியோ பெட்டியை மேட்டிலிருந்து பிடுங்கிப் புதியதில் மாட்டுவதற்கு முன்னால், மேட்டுக்கு வருகிற அளவுகளைப் புதியதும் வாங்கி, கொஞ்ச நாள் இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும். இரண்டும் ஒரே அளவைக் காட்டினால்தான் மேடு எழுந்திருக்கலாம்.

பிரவீன் இரண்டையும் ஒயரில் இணைத்தார். புதியது ஒரு அளவைக்கூட வாங்கவில்லை. தேதியைப் பார்த்துத் தள்ளிவிட்டது. எந்தக் காலத்து ரீடிங்கைக் கொண்டுவந்து கொடுக்கிறாய் என்பது மாதிரி. புதியதைப் பழைய வருடத்துக்குத் தள்ளிப் பார்த்தார். அந்த வருடத்தில் தான் பிறக்கவே இல்லை என்று அது அடம்பிடித்தது. மேட்டின் உள்ளே இருப்பதை வேறொன்றில் நகல் எடுத்துப் பார்க்கலாமே என்று நான் கேட்டதற்கு, “அந்த டிஸ்க் இருக்கிற நிலைமைக்கு, நகல் எடுக்கிறப்பவே போய்ச் சேர்ந்துடும்ணே” என்றார்.

ஆக, மேட்டுக்கு இன்றைய தேதியைக் கொடுத்தால்தான் கைமாற்ற முடியும். கொடுத்தால் பூட்டிக்கொள்ளும் என்பதுதான் எங்கள் வேதம்.

“பூட்டிக்கும்னு யாருங்க சொன்னது?” என்றார் மேடம்.

நான் எனக்குச் சொன்னவரைச் சொன்னேன். அவருக்குச் சொன்னவரைக் கண்டுபிடித்தோம். நூலைப் பிடித்துக்கொண்டே போனால் கடைசியில் தட்சிணாமூர்த்தி அண்ணன் வந்து நின்றார். ரிட்டையர் ஆகி சொந்த ஊர் திருவதிகையில் இருந்தார். மேடம் போனில் கேட்கவில்லை. “முகத்தைப் பார்த்துக் கேக்கோணுங்க” என்று என்னையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் கிளம்பிவிட்டார்.

அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பலாச்சுளை வந்தது. மேடம் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் வரை போனது.

“நீங்க இன்னுமா அத்தப் பண்ணிகினு இருக்கீங்க?” என்றார். “யோவ் அந்தோணி, அது ஒரே ஒரு வருசம்தான்யா. பிரோகிராம் முழுசா வர்றதுக்குள்ள பழகிப் பாக்கறதுக்குன்னு ஒண்ணு குடுத்திருந்தான். அது பொங்கலோட முடியுது, முழு பிரோகிராம் வந்து சேரல. சரின்னு போகி அன்னிக்குத் தேதியத் தள்ளி உட்டேன். அதுக்கப்புறம் அந்தக் கம்பெனிப் பையன் வந்தான், ரெண்டு நாளு உக்காந்துகினு இருந்தான், பூட்டக் கழட்டிட்டுப் போனான். கழட்டினான்னுதான் நெனைக்கிறேன்.”

மேடம் பலாச்சுளையைக் கீழே வைத்தார். “நெனைக்கிறீங்களா, தெரியுங்களா?”

“எழுபதத் தாண்டியாச்சு மேடம். இனிமே எனக்கு எல்லாமே நெனைக்கிறதுதான்.”

“அடுத்த வருஷம் அவங்க மறுபடி தள்ளினப்ப, வேண்டாம்னு சொல்லலீங்களா?”

“அடுத்த வருசம் என்னைய வேற எடத்துக்குப் போட்டுட்டாங்க. யாரும் கேக்கலியே.”

திரும்பும்போது முந்திரிக் காடு முடிகிற இடத்தில் மேடம் சொன்னார்: “பாருங்க, அவருக்குத் தெரியாதது கொஞ்சம், நமக்குத் தெரியாதது கொஞ்சம். ரெண்டையும் சேர்த்து வச்சு இத்தனை வருஷம் ஒரு பண்டிகையாவே கொண்டாடியிருக்கோம்.” எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. ‘நெனைக்கிறேன்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

செய்தது இதுதான். பகல் ஷிப்டில் தேதியை மாற்றுவது. மாற்றும்போது மேடு நின்றால், ரேடியோ பெட்டியைப் புதியதில் மாட்டி அதைப் பேச வைக்கும் வரை டேப்பை நம்புவது. பெட்டியில் கிடந்த பழைய டேப்களை எடுத்து, பேட்டரி மாற்றி, வாளித் தண்ணீரில் தொட்டுக் கத்துகிறதா என்று பார்த்தேன். அளவு பார்க்கும் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஆள், கையில் வயர்லெஸ். பம்புகளுக்குப் பக்கத்திலும் ஆள்; ஏதாவது நின்றால் உடனே சொல்ல. இரண்டாவது சத்தத்தைத்தான் படிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது.

எல்லாம் சரியாக வந்தது, ஒரு கிணற்றைத் தவிர. வெட்டு மிஷின் நிற்கிற தரைக்கு மிக அருகில் இருந்த கிணற்றின் குழாய் மண் நகர்ந்து வளைந்துவிட்டது. அதில் டேப் இறங்காது. முன்பே உள்ளே இறக்கிய கருவிதான் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தது. அது பேசுவது மேட்டிடம் மட்டும். அதாவது மேடு நின்றால், சுரங்கம் முழுக்க நாங்கள் ஓரளவு பார்த்துக்கொள்ளலாம், ஏழுமலையின் காலடியைத் தவிர.

மேடம், கீழே வெட்டு வேலையைப் பார்க்கும் சுரங்கப் பக்கத்து அதிகாரியிடம் அந்த நேரம் மட்டும் மிஷினை நிறுத்தி ஆட்களை மேலே எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அவர் தங்கமான மனிதர்தான். ஆனால் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி போய்க்கொண்டே இருக்க வேண்டிய மாதம் அது. “மேடம், கம்ப்யூட்டர்ல தேதி மாத்தறதுக்காக மிஷினை நிறுத்தினோம்னு நான் எழுதினா, மேல படிக்கிறவங்க சிரிப்பாங்க.”

செய்தி எப்படியோ கீழே போய்விட்டது. அன்று ஷிப்ட் முடிந்து ஏழுமலை நேராகக் கன்ட்ரோல் ரூமுக்கு ஏறி வந்தான். உடம்பெல்லாம் பழுப்புத் தூள். கதவைத் தாண்டி உள்ளே வராமல் நின்றான்.

“என்னா மேடம், எங்க காலுக்குக் கீழ என்னா நடக்குதுன்னு கொஞ்ச நேரம் உங்களுக்குத் தெரியாதாமே?”

“ஆமாங்க ஏழுமலை. தெரியாமப் போகலாம்.”

“அப்ப இத்தினி நாளா தெரிஞ்சிகினுதான் இருந்தீங்களா?” என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அப்புறம் குரல் தாழ்ந்தது. “இல்ல மேடம், சும்மா கேட்டேன். எங்க குரூப்ல ஒருத்தனுக்குப் போன மாசம்தான் கொழந்த பொறந்துது. அவன்தான் கேக்கச் சொன்னான். ஒண்ணும் ஆவாதுல்ல?”

வேறு யாராக இருந்தாலும் ‘ஒண்ணும் ஆகாதுப்பா, போ’ என்றிருப்பார்கள். நானே சொல்ல வாயெடுத்தேன். மேடம் என்னைக் கையமர்த்திவிட்டு, “ஆகாதுன்னு நெனைக்கிறேங்க. தெரியும்னு சொல்ல மாட்டேன்” என்றார். ஏழுமலை தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனான். பொய் சொல்லியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்குமா, இல்லை இதுதான் நிம்மதியா என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தட்சிணாமூர்த்தி அண்ணன் நினைத்தது சரி. இன்றைய தேதியைக் கொடுத்து ஓ.கே.யை அமுக்கினேன். (மவுஸால்தான் அமுக்கினேன், மேடம் பக்கத்தில் இருந்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்.) எல்லா விளக்கும் சாம்பலானது. எந்தப் போகிக்கும் இல்லாத அளவு நேரம் சாம்பலாகவே இருந்தது. பிரவீன் நகத்தைக் கடித்தார். பிறகு ஒரு பச்சை, இன்னொரு பச்சை. வளைந்த கிணற்றின் அளவு எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தது, பத்திரமான அளவுக்குள்ளேயே. அடுத்த கணம் புதியது மடமடவென்று அளவுகளை வாங்க ஆரம்பித்தது. அவ்வளவு வருடமும் பூட்டே இல்லாத கதவை நாங்கள் வெளியே நின்று பிடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். மாதக் கடைசிக்குள் மேட்டை நிறுத்தினோம். பிரவீன்தான் நிறுத்தினார், நான் அன்றைக்கு வீக்லி ஆஃப்.

இதைச் சொன்னால் பையன்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: “எப்படிண்ணே அவ்வளவு தைரியமா அமுக்குனீங்க?” ஏதோ என் விரலில் விசேஷம் இருக்கிற மாதிரி. பூட்டு இருந்திருந்தால்? அந்த நேரம் பார்த்து ஒரு பம்பு நின்றிருந்தால்? என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன், பயத்தில் இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசையில். அன்றைக்கு ஆசை இல்லை, பயம்தான் இருந்தது. அப்படியும் அமுக்கியதற்குக் காரணம், அன்று காலையில் அமுக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது.

டேப்காரர்கள் எல்லோரும் இடத்தில் இருந்தார்கள். வயர்லெஸ்ஸில் ஒவ்வொருவராக ‘ரெடி’ சொல்லிவிட்டார்கள். அறையில் மேடம், நான், பிரவீன், சுரங்கப் பக்கத்து அதிகாரி. மேடம் கடைசி முறையாக ஒவ்வொன்றையும் கேட்டார். விளக்குகள் திரும்ப எவ்வளவு நேரமாகும்? தெரியாது என்றேன். வராவிட்டால் புதியதைப் பேச வைக்க எவ்வளவு நேரம்? “ஒரு மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம் மேடம், எனக்குத் தெரியலை” என்றார் பிரவீன். வளைந்த கிணற்றைப் பார்க்க வேறு வழி உண்டா? இல்லை. அப்போதுதான், கீழே நிற்பது யார் என்று கேட்டார்.

ஏ.சி. இரைந்தது என்று சொன்னேன். அதிகாரிதான் மெதுவாகச் சொன்னார். “ஏழுமலை குரூப்தான் மேடம். அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம்.”

“பழக்கமுங்களாங்க?” என்றார் மேடம்.

அந்தக் குரலில் அத்தனை மரியாதையை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

ஆணியில் தொங்கிய ஹெல்மெட் ஒன்றை எடுத்து, வாரைத் தன் அளவுக்கு இறுக்கினார். மேசை மேலிருந்த வயர்லெஸ்களில் ஒன்றை எடுத்துக்கொண்டார். “அந்தோணிங்கண்ணா, நான் சொன்னதுக்கப்புறம் மாத்துங்க. அதுக்கு முன்னால வேண்டாம்” என்றார். ‘மேடம், நீங்க எதுக்கு…’ என்று அதிகாரி எழுந்தார். மேடம் அதற்குள் கதவைத் தாண்டியிருந்தார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜீப் சரிவுப் பாதையில் இறங்கியது. முதல் வளைவு, அடுத்த வளைவு. மண் நிறம் மஞ்சளிலிருந்து சிவப்பாகி, பழுப்பாகிக்கொண்டே போகிற அந்தப் படிகளில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி, பிறகு அதுவும் தெரியவில்லை. ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு பிரவீன் நின்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்துக்கொண்டேன்.

வயர்லெஸ் கரகரத்தது. முதலில் வெட்டு மிஷினின் இரைச்சல்தான் வந்தது. அப்புறம் அதற்கு மேலாகக் கத்திப் பேசும் மேடத்தின் குரல்:

“வந்துட்டேங்க. ஏழுமலை பக்கத்துலதான் நிக்கறேன். மாத்துங்க.”